பழைய பிசகு

அச்சன்கோவிலுக்கு ஷேர் கிடையாது என்று நான் சொன்னதும் வண்டிக்குள் இருந்த ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஷேர் ஆட்டோ உண்டு. செங்கோட்டைக்கு உண்டு. ஆள் சேர்ந்தால் புளியரை வரைக்கும் போவோம். அச்சன்கோவில் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுக்குள் இருக்கிறது. அங்கே போக ஸ்பெஷலாகத்தான் வண்டி பிடிக்க வேண்டும். நாலு வருஷமாக இதே ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு இதுகூடவா தெரியாது?

அவர்களை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஏற்றியிருந்தேன். வைகாசி கடைசி. சாரல் இன்னும் விழவில்லை, காற்று மட்டும் வந்துவிட்டது. ஒரு மேடம், நாலு காலேஜ் பிள்ளைகள். ஐந்து பேரிடமும் சுத்தியல் இருந்தது. இடுப்பில் சுத்தியலைச் செருகிக்கொண்டு ரயிலிலிருந்து இறங்குகிற பெண்பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். சொல்லி வைத்திருந்த வேன் வராததால், நாலு நாளைக்கு என் வண்டியையே பேசிக்கொண்டார்கள். ஏறி உட்கார்ந்ததும் மடியில் ஒரு பெரிய மேப்பை விரித்தார்கள். கண்ணாடி போட்ட பிள்ளை அதில் விரலை வைத்து, "அச்சன்கோவில் ஷியர் ஸோன் இங்கதானே மேடம் வருது?" என்று கேட்டது. என் காதில் ஷேர் என்று விழுந்தது.

"அச்சன்கோயிலுக்கு ஷேரே கெடையாது மேடம். ஸ்பெஷலாத்தான் போணும்."

சிரித்து முடித்த பிறகு மேடம்தான் விளக்கினார். அது ஷேர் இல்லை, ஷியர். பூமியின் மேல்தோடு முழுசாக ஒரே ஓடு கிடையாதாம். உடைந்த ஓடுகளைச் சேர்த்து வைத்த மாதிரி இருக்குமாம். அவை ஒன்றையொன்று முட்டும், விலகும், உரசிக்கொண்டு எதிரும் புதிருமாகப் போகும். அப்படி ரொம்பக் காலத்துக்கு முன்னால் உரசின ஒரு நீளமான தடம், அச்சன்கோவில் பக்கமிருந்து நம்ம ஊர்ப் பக்கமாக வருகிறதாம். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார்.

"ரதவீதியில ரெண்டு பஸ்ஸு ஒரசிக்கிட்டு நிக்குமே, அது மாதிரியா மேடம்?"

"அதேதான் தம்பி. ஆனா இது ஐம்பது கோடி வருஷத்துக்கு முன்னால உரசுனது."

"ரெண்டு டிரைவரும் எறங்கிச் சண்டை போடலையா?"

மறுபடி சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு நான் "ஷேர் அண்ணே" ஆகிவிட்டேன். எனக்கும் பிடித்திருந்தது. பதினோரு மாதமாக வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. அன்றைக்கு என் வண்டிக்குள் கேட்டது.

பதினோரு மாதத்துக்கு முன்னால்தான் அப்பா இறந்துபோனார். அவர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர். மெயின் அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல் இருக்கும். ஆள் படுக்கிற மாதிரி மட்டமான கல். அதுதான் அவருடைய இடம். சீசன் நேரத்தில் மதுரை, கோவில்பட்டி, கொல்லம் என்று எங்கெங்கோ இருந்து வருகிறவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தக் கல்லில் குப்புறப் படுப்பார்கள். அப்பா கழுத்திலிருந்து குதிகால் வரை பெருவிரலால் ஒரு கோடு இழுப்பார். ஓர் இடத்தில் விரல் நிற்கும். "இங்கன பிசகியிருக்கு" என்பார். படுத்திருக்கிறவர் "ஆமா அண்ணாச்சி" என்று முனகுவார்.

பிசகு என்பது அப்பாவின் வார்த்தை. இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் விலகினது எல்லாமே அவருக்குப் பிசகுதான். தோள் பிசகும், இடுப்பு பிசகும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினபோது, "இவனுக்குப் புத்தி பிசகிட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வந்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கோவில் கதையும் சொல்லுவார். குற்றாலத்துச் சாமி தலையில் ஒரு குள்ள முனிவர் கையை வைத்து அமுக்கினார், அதில் சாமிக்குத் தலைவலி வந்தது, அதனால்தான் இன்றைக்கும் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்பா அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். "சாமிக்கே எண்ணெ தேச்சாத்தான் வலி போவுது. நீரு என்னவே, அரைமணி நேரம் படுக்க யோசிக்கீரு."

யாராவது ரொம்பப் பழைய அடியோடு வந்தால் அவர் பொய் சொல்ல மாட்டார். "புதுப் பிசகுன்னா எடுத்துருவேன். இது பழைய பிசகு. சேராது. ஆனா சோலி செய்யும்" என்பார். பழையபடி ஒட்டாவிட்டாலும் வேலைக்கு ஆகும் என்று அர்த்தம். வந்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. எழுந்து தோளைச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக அருவிக்குப் போவார்கள்.

இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊரார் முதுகையெல்லாம் அமுக்குகிறவர் என்னைப் பார்த்து, "ஏலே, எனக்கு முதுகை ஒரு அமுக்கு அமுக்கிவிடேன்" என்றார். நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் மத்தியானம் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்த மாதிரி போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். முதுகில் வலித்தது அதுதானாம். அமுக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றும் அவரே சொன்னார். ஆனாலும் அந்த முதுகு எனக்குப் பாக்கியாகவே நின்றது.

பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா சட்டம் போட்டாள். ஒரு வருஷத்துக்குத் தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, மலையேறக் கூடாது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்புகிற வரை மலையை மிதித்தால், போனவர் போகிற பாதை தடுமாறும் என்பாள். தீபாவளியும் பொங்கலும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மலை விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். முதுகைத்தான் அமுக்கவில்லை, இதையாவது சுத்தமாகச் செய்து முடிக்க வேண்டும் என்று இருந்தது.

அதில் ஒரு சிக்கல். நான் ஓட்டுவதே குற்றாலம் ரோடு. அம்மா யோசித்து ஒரு வழி சொன்னாள். வண்டியில் இருக்கிற வரை தரையில் கால் படாது. அதனால் குற்றாலம் போகலாம், இறங்கக் கூடாது. அப்படியே செய்தேன். பதினோரு மாதம் குற்றாலத்தில் நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. டீயை வண்டிக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். சில்லறை கீழே விழுந்தால் பிள்ளைகள் யாராவது எடுத்துத் தர வேண்டும். ஒன்றுக்கு வந்தால்கூட, குற்றாலத்துக்கு முந்தின ஊரான காசிமேஜர்புரத்துக்குத் திரும்பி வந்துதான். ஒருநாள் குரங்கு ஒன்று என் துண்டைப் பிடுங்கிக்கொண்டு எதிர் மதில் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் இறங்க மாட்டேன் என்று அதற்கும் தெரிந்துவிட்டது போல.

இதனால் எங்கள் ஸ்டாண்டில் பெரிய விவாதமே நடந்தது. மலை எங்கே ஆரம்பிக்கிறது? ஒருத்தன், செல்போனில் டவர் எங்கே போகிறதோ அங்கே என்றான். இன்னொருத்தன், குரங்கு இருக்கிற இடமெல்லாம் மலைதான் என்றான். அப்படியென்றால் தென்காசி பஸ் ஸ்டாண்டிலும் நாலு குரங்கு திரிகிறதே என்று கேட்டதற்கு, அவை விருந்துக்கு வந்தவை என்றான். எங்களில் மூத்தவரான அண்ணாச்சி மட்டும் ஒரே பிடியாக நின்றார். குற்றாலம் மலையே கிடையாது, அடிவாரம், அருவிக்கு மேலே ஏறினால்தான் மலை என்பார். "எறங்கி டீ குடிலே. ஒங்க அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். அவர் ஏன் இதில் இவ்வளவு தீவிரமாக இருக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டாம் நாள் அந்த மேடமும் பிள்ளைகளும் புளியரைக்கு மேலே எஸ் வளைவுக்குப் போக வேண்டும் என்றார்கள். அங்கே ரோடு போடுவதற்காக மலையை வெட்டினதில் பாறையின் உள்பக்கம் தெரியுமாம். வழியெல்லாம் நல்ல காற்று. மேடம் மலையைக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார். இந்த மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடலே இல்லையாம். மடகாஸ்கர் என்கிற தீவு நம்ம நாட்டோடு ஒட்டிக்கொண்டு இருந்ததாம். பிறகு பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம். அது போன விளிம்புதான் தேய்ந்து தேய்ந்து இப்படிச் சுவர் மாதிரி நிற்கிறதாம்.

"இங்கன கடையநல்லூர்ல வீட்டுக்கு ஒரு ஆளு வெளிநாட்டுல இருக்காங்க மேடம். அவங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்க லீவுல வந்துருவாங்க. இது போனது போனதுதானா?"

போனது போனதுதான் என்றார். ஒரு போன்கூட இல்லை என்றது கண்ணாடிப் பிள்ளை. நம்ம நாடும் சும்மா இல்லையாம். வடக்கே நகர்ந்து போய் முட்டினதில்தான் இமயமலை எழுந்ததாம், இன்னும் முட்டிக்கொண்டே இருக்கிறதாம். என்ன வேகத்தில் என்று கேட்டேன். உங்கள் விரல் நகம் வளர்கிற வேகத்தில் என்றார். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. எண்ணெய் தேய்க்கிறவர் நகம் வைத்திருக்கக் கூடாது, ஆள் முதுகில் கீறிவிடும். புதன்கிழமை தோறும் வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டுவார். அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் வெட்டிப்போட்ட அளவுக்கு இந்த நாடு நகர்ந்திருக்கிறது. அதை நினைத்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். அழுகை வரவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம்.

புளியரை ஊர் முடிகிற இடத்தில், ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன். இதற்கு மேலே எனக்கு ஆகாது என்று சொன்னேன். வண்டிக்குக் கோளாறா என்று கேட்டார்கள். இல்லை, அப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை, எங்களில் மலையேற மாட்டோம் என்றேன். குற்றாலம் அடிவாரமா மலையா என்பதில் சந்தேகம் இருக்கலாம், எஸ் வளைவு சந்தேகமே இல்லாத மலை. வண்டியில் இருந்தால்கூட ஆகாது. நடந்தே போய்விட்டு வருகிறோம், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, மேடம் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து முகமெல்லாம் வேர்த்து, கையெல்லாம் மண்ணாகத் திரும்பி வந்தார்கள். கண்ணாடிப் பிள்ளை ஓடி வந்து போனை என்னிடம் நீட்டியது. நான் பார்க்க முடியாததால் எனக்காகவே படம் எடுத்ததாம். கறுப்புப் பாறை. அதற்குள்ளே வேட்டிக் கரை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு நேராக வந்துகொண்டிருக்கிறது. திடீரென்று ஓர் இடத்தில் அறுந்து, ஒரு சாண் கீழே இறங்கி, அங்கிருந்து மறுபடி நேராகப் போகிறது.

"அட, பிசகியிருக்கு" என்றேன்.

மேடம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் பாட்டிலை இறக்கினார். "என்ன சொன்னீங்க தம்பி?"

"பிசகியிருக்கு மேடம். எடம் மாறிட்டு. எங்க அப்பா இப்பிடித்தான் சொல்லுவாரு, எலும்புக்கு."

இதற்கு இங்கிலீஷில் ஃபால்ட் என்று பெயர் என்றார் மேடம். புத்தகத்தில் தமிழில் என்னவோ நீளமாக ஒரு பெயர் இருக்கிறதாம், வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்களாம். ஃபால்ட் என்றால் தப்பு என்றும் அர்த்தம், பிசகு என்றாலும் தப்பு என்று அர்த்தம் உண்டே, விலகினதும் ஆச்சு, தப்பும் ஆச்சு, இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்காது என்று சொல்லி அவரே சிரித்தார். கண்ணாடிப் பிள்ளை நோட்டை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டது. எட்டாவது வரைக்கும் என் நோட்டில்தான் வாத்தியார்கள் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லி ஒருவர் எழுதினது அதுதான் முதல் தடவை. அப்பாவின் வார்த்தை ஒரு காலேஜ் நோட்டுக்குள் போய்விட்டது.

அந்தச் சந்தோஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இந்தப் பிசகு நல்லதா கெட்டதா என்று கேட்டேன். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உரசி நொறுங்கின பாறை சீக்கிரம் தேயும், அதனால் மலையில் இந்த இடத்தில் தாழ்வாகக் கணவாய் விழுந்திருக்கலாம், அந்த வழியாகத்தான் கேரளத்து மழைக்காற்று நம்ம பக்கம் நுழைகிறது என்றார். அப்படியென்றால் சாரலே பிசகினால் வந்தது. சாரல் இல்லையென்றால் குற்றாலத்தில் கூட்டம் ஏது, அப்பாவுக்குச் சோலி ஏது? ஐம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் எவனோ உரசினதில்தான் நான் சோறு தின்று வளர்ந்திருக்கிறேன். எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அது.

அப்போதுதான் மேடம், அது என்னை என்ன செய்யும் என்று தெரியாமலே, அதைச் சொன்னார்.

"நாம இப்ப பாக்குறது பாதி மலைதான் தம்பி. இந்தக் கல்லு பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல வெந்து உண்டானது. இதுக்கு மேல இருந்த பெரிய மலையெல்லாம் மழையும் ஆறும் கரைச்சுக் கொண்டு போயிடுச்சு. மிச்சம் இருக்குறது அடிவேர். உங்க தென்காசியில கிணறு தோண்டினாலும் இந்த மாதிரிக் கல்லுதான் வரும்."

"அப்ப தென்காசி?"

"அதுவும் மலைதான். தேஞ்சுபோன மலை."

"பஸ் ஸ்டாண்டுமா மேடம்?"

"பஸ் ஸ்டாண்டும்தான்."

திரும்பி வருகிற வழியில் பிள்ளைகள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். பிரேக்கில் வைத்திருந்த காலை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். பதினோரு மாதம். குற்றாலத்தில் இறங்காமல் இருந்து என்ன பிரயோஜனம்? வீட்டு வாசலில், ஸ்டாண்டில், பெட்ரோல் பங்கில், தினமும் மலையைத்தான் மிதித்திருக்கிறேன். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதுகூட மலை மேலேதான். அவர் போகிற பாதையில் ஒவ்வொரு நாளும் நான் போய்க் குறுக்கே நின்றிருக்கிறேன் என்று தோன்றியது. படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஸ்டாண்டில் மெல்ல அண்ணாச்சியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, நாம இப்ப நிக்க எடமே மலைதானாம். அந்த மேடம் சொல்லுதாங்க."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "காலையில சாப்பிட்டியாலே?" என்று கேட்டுவிட்டு, இரண்டு இட்லி வாங்கிவரப் போனார்.

நாலாம் நாள் அவர்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். பிள்ளைகள் பைகளை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போன பிறகு, மேடத்திடம் தனியாகக் கேட்டேன். தென்காசியும் மலை என்பது நிச்சயம்தானா, கணக்கில் ஏதும் பிசகு இருக்குமா? அவர் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். முதுகு விஷயத்தையும் அவரிடம் சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாத விஷயம். அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்குக் கல்லு மட்டும்தான் தம்பி தெரியும். நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்" என்றார். அதற்குள் கண்ணாடிப் பிள்ளை ஓடி வந்து, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் ஷேர் அண்ணே என்று சொல்லி, எஸ் வளைவுக் கல்லில் ஒரு துண்டைக் கையில் திணித்துவிட்டு ஓடியது. வெள்ளைக் கரை போட்ட கறுப்புக் கல். வாங்கியும் வைக்க முடியவில்லை, தூக்கியும் எறிய முடியவில்லை. நான் மலைக்குப் போகாமல் இருந்தால், மலை என் டேஷ்போர்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மா பீடி சுற்றுகிறவள். சுற்றின பீடியைக் கடையில் போடுவதற்கு வாரத்துக்கு ஒருநாள் என் வண்டியில்தான் போவாள். அந்த வாரம் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டாள். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஷேர், ஷியர், மடகாஸ்கர், நகம், பிசகு, கடைசியில் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும். பிறகு முதுகையும் சொன்னேன். அம்மா மடியில் கல்லை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கோட்டிக்காரப் பயலே. இத்தன நாளா இதையா வயித்துல கட்டிக்கிட்டு அலையுத?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு நீ போன பொறவு நான்தாம்லே அமுக்கிவிட்டேன். ‘ஒனக்கு பீடி சுத்துத கை, இது ஆவாது, அவனுக்குத்தான் என் கை'ன்னு ஏசிக்கிட்டே கெடந்தாரு. ஏசிக்கிட்டே ஒறங்கிட்டாரு. நல்ல ஒறக்கம்."

எனக்கு இது தெரியாது. பதினோரு மாதம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் முகத்தைத் துடைத்துக்கொள்கிற வரை அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நானும் போனேன்லே. தை மாசம்."

"எங்கன?"

"குத்தாலத்துக்குத்தான். அவரு சோலி பாத்த கல்லைப் பாக்கணும்போல இருந்துச்சு. செத்த நேரம் அதுல உக்காந்துட்டு வந்தேன்."

என் வாயிலிருந்து முதலில் வந்தது டிரைவர் கேள்விதான். "எதுல போன?"

"ஒங்க ஸ்டாண்டு அண்ணாச்சி வண்டியில. ஒன் வண்டியில எப்பிடி ஏறுவேன்? சட்டம் போட்டவளே நான்தானே."

அண்ணாச்சி ஏன் குற்றாலம் மலையே கிடையாது என்று தை மாசத்திலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்ற வாதாடினார் என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. அவர் என்னைக் காப்பாற்றவில்லை, அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வீட்டு வாசலில், ஸ்டார்ட் பண்ணாத வண்டிக்குள், பீடிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடங்கின பிறகு, இனி என்ன செய்ய என்று கேட்டேன். குற்றாலத்தில் இறங்கலாமா?

"தெவசத்துக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் கெடக்கு. அதையும் முடிச்சிரு. எல்லாம் மலைன்னா, அவரு எங்கன போனாலும் மலையிலதானே நடக்கணும். நாம மிதிக்கதா அவருக்குத் தடங்கல்? ஆனா தொடங்குனத முடிக்கணும்லா."

முடித்தேன். அந்த இரண்டு வாரமும் குற்றாலத்தில் நான் இறங்கவில்லை. ஆனால் பயத்தில் இல்லை. நல்ல சோலி ஒன்றைக் கடைசிவரை செய்கிற மாதிரி இருந்தது. குரங்கு வந்து மறுபடி துண்டைப் பிடுங்கினபோது, வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

தெவசம் முடிந்த மறுநாள் நல்ல சாரல். அம்மா காலையிலேயே குளித்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள். "அந்தப் பிசகு எங்கன இருக்கு, காட்டு" என்றாள். புளியரை தாண்டி, அன்றைக்கு நான் ஓரம் கட்டின இடத்தையும் தாண்டி வண்டி ஏறியது. எஸ் வளைவில் ஓரமாக நிறுத்தினேன். இறங்கினேன். மலையில் கால் வைத்தேன். ஈரமாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

போனில் பார்த்த பாறை நேரில் ரொம்பப் பெரிதாக இருந்தது. சாரல் பட்டு எண்ணெய் தேய்த்த முதுகு மாதிரி மினுங்கியது. அந்த வெள்ளைக் கரையைக் கண்டுபிடித்து அம்மாவிடம் காட்டினேன். அவள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கிட்டப் போனாள். பீடி சுற்றித் தேய்ந்த பெருவிரலைக் கரையில் வைத்து, அப்பா இழுக்கிற மாதிரியே மெல்ல இழுத்துக்கொண்டு போனாள். அறுந்த இடத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

"பழைய பிசகு" என்றாள். "சேராது."

"ஆனா சோலி செய்யும்" என்றேன்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "குளிருது. டீ வாங்கிக் குடுலே."

குற்றாலத்துக்கு வந்தோம். வழக்கம்போல் டீக்கடைக்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்து வந்தார். நான் அதற்குள் இறங்கி அவர் கடைக்கு முன்னால் நின்றேன். அவர் பாதி வழியில் நின்று, வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணாச்சி தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு அருவியை ரொம்ப அக்கறையாகக் கவனித்தார்.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு அண்ணாச்சி. இங்கன திரும்பும்" என்றாள் அம்மா.

அவர் அசடு வழியத் திரும்பினார். என் காலைப் பார்த்தார், நான் நிற்கிற தரையைப் பார்த்தார்.

"அப்ப வருசம் மலையேறிட்டுன்னு சொல்லு" என்றார். பிறகு கடைப் பக்கம் கையைக் காட்டி, மூன்று டீ, ஒன்றில் சீனி கூட என்றார். சீனி கூடப் போடுவது அப்பா குடிக்கிற டீ. அதை என்னிடம் கொடுத்தார்கள். நின்றுகொண்டே குடித்தேன்.